விளையாடுவதும் விளையாட்டை ஆக்குவதும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'கணினிக் கல்வி'. அது பெருங்கடல். அதில் ஓரமாக நின்று காலை மட்டும் நனைத்துவிட்டுக் கரையேற எண்ணுகிறேன். புதன்கிழமைதோறும் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் நம் கணினி அறையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லப்போகிறேன். சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் கேள்வி எழுந்தது.

ஒரு தாயார் எழுந்து கேட்டார்: "டீச்சர், வீட்டுலதான் நாள் பூரா கேம் கேம்னு போனும் கையுமா கெடக்குறான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா அங்கயும் கேம் சொல்லிக் குடுக்குறீங்களாமே, இது நாயமா?" கூட்டத்தில் பல தலைகள் ஆடின. அதற்கு அடுத்த புதன்கிழமை பதினெட்டுப் பேர் வரவேண்டிய வகுப்புக்குப் பதினொருவர்தான் வந்தார்கள். மற்ற ஏழு பேரும் ஒன்றரை மணி வேனிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு பையன் வேன் சன்னல் வழியாகக் கணினி அறையைப் பார்த்துக்கொண்டே போனான்.

அந்தத் தாயார் மீது எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பாடம் எல்லாம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும் என்றிருந்த காலம் அது. பள்ளி திறந்தது. ஆனால் கையில் ஏறிய போன் கீழே இறங்கவில்லை. சில விளையாட்டுகள் பிள்ளையின் நேரத்தைத் தின்பதோடு நில்லாமல், அம்மாவின் 'டாப் அப்' காசையும் தின்கின்றன. அந்த வழக்கில் நான் தாயார் கட்சிதான்.

ஆனால் புதன்கிழமை வகுப்பு வேறு வழக்கு. நம் தோட்டத்துத் திருவிழாவில் நாடகம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், நாடகம் போட்டவர்களும் இருக்கிறார்கள். பார்த்தவர் விடிந்ததும் தூங்கப் போனார். போட்டவரோ ஒரு மாதம் வசனம் எழுதி, ஒத்திகை பார்த்து, வேட்டி சேலை இரவல் வாங்கி, நடுவில் சண்டை போட்டு, சமாதானம் ஆகி அல்லவா மேடையேறினார்! எங்கள் பிள்ளைகள் நாடகம் போடுகிற கூட்டம். அவர்கள் ஆக்கும் விளையாட்டில் படம் கிடையாது, துப்பாக்கிச் சத்தம் கிடையாது. திரையில் எழுத்து மட்டும் வரும். அது கேட்கும், நாம் பதிலைத் தட்டவேண்டும். அதற்கேற்ப அடுத்த வரி வரும். அவ்வளவுதான். கேட்டால் சப்பென்று இருக்கிறது, இல்லையா? பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. தான் எழுதிய வரிக்குக் கணினி பதில் சொல்வதை முதல் தடவை பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்.

முதல் பாடம் எண் கண்டுபிடித்தல். கணினி 1 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும். நாம் ஊகித்துச் சொல்லவேண்டும். இதற்குக் கணினிக்கு வரிசையாகக் கட்டளை எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கட்டளை வரிசைக்குத்தான் நிரல் என்று பெயர், புரோகிராம் என்பதும் அதுவே. முதலில் பலகையில் நம் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம்:

ஓர் எண்ணை மறைத்து வை.
சரியான விடை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்:
எண் என்ன என்று கேள்.
சொன்ன எண் பெரியதானால் 'பெரிது' என்று சொல்.
சிறியதானால் 'சிறிது' என்று சொல்.
விடை வந்ததும், எத்தனை தடவையில் வந்தது என்று சொல்.

இந்த ஆறு வரிக்குள் மூன்று பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பெட்டி, 'இப்படியானால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்ற நிபந்தனை, ஒரே வேலையைத் திரும்பச் செய்யும் சுற்று. உலகத்தில் உள்ள பெரிய நிரல்களுக்கெல்லாம் அடிப்படை இவைதான்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இதை எழுதி முடித்து ஓடவிட்டான். எத்தனை தடவையில் கண்டுபிடித்தாலும் '0 தடவை' என்றே அவன் கணினி சொன்னது. "டீச்சர், கம்பியூட்டர் கெட்டுப் போச்சு!" என்றான். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை அவன் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "நீ எண்ணவே சொல்லலையே, அது எப்படிடா எண்ணும்?" என்றாள். பெட்டியில் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டு என்ற வரி அங்கே இல்லை. மனிதரிடம் பாதி சொன்னால் மீதியை அவர் புரிந்துகொள்வார். கணினி எழுதியதை மட்டும் செய்யும். ஆகவே தன் எண்ணத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைப் பிள்ளை தானே தேடவேண்டியதாகிறது. இந்தத் தேடல் பழக்கம் கணக்குப் பாடத்திலும் கட்டுரையிலும் கைகொடுப்பதை நான் கண்டுவருகிறேன்.

இன்னொன்று. ஊகிக்கும்போது முதலில் 50 என்று கேட்டால் பாதி எண்கள் ஒழிந்துவிடும். அடுத்து மீதியில் பாதி, அதற்கடுத்து அதில் பாதி. இப்படிப் போனால் 100 எண்ணுக்கு ஏழு தடவைக்கு மேல் போகாது. ஆயிரம் எண்ணானால் பத்துத் தடவை போதும். பத்து லட்சம் எண்ணானாலும் இருபதே தடவை! இதைக் கண்டபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு புதன்கிழமை முழுவதும் நம்பாமல் சோதித்துப் பார்த்தார்கள். நான் குறுக்கே போகவில்லை.

பெற்றோர்களே, இது நாங்களாக இங்கே கண்டுபிடித்த புதுவழி அன்று. 1964-இல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர்கள் கெமனி, கர்ட்ஸ் இருவரும் சாதாரண மாணவருக்காகவே 'பேசிக்' என்ற எளிய கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் எழுதிய எழுத்து விளையாட்டுகளைத் தொகுத்து டேவிட் ஆல் என்பவர் 1973-இல் புத்தகம் போட்டார். வரிவரியாக அதைப் பார்த்துத் தட்டிப் பழகித்தான் ஒரு தலைமுறையே நிரல் எழுதக் கற்றது.

அதைவிட எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1971-இல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற இளைஞர் ஆசிரியர் பயிற்சியில் இருந்தார். எட்டாம் வகுப்புக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கவேண்டும். மாட்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக மேற்கே ஓரகன் என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்த மக்களின் பயணம்தான் பாடம். அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஹைனமன், டில்லன்பெர்கர் என்ற இருவரும் கணக்குக்குப் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்தவர்கள். மூவரும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தப் பயணத்தை ஒரு விளையாட்டாக எழுதிவிட்டார்கள். திரைகூட இல்லை. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்றில் காகிதச் சுருளில்தான் எழுத்து வரும். கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்று அது கேட்கும். தப்பாகக் கணக்குப் போட்டால் வழியில் பட்டினி, நோய், சாவு.

பயிற்சிக் காலம் முடிந்ததும் அந்த விளையாட்டைக் கணினியிலிருந்து அழித்துவிட்டார்கள். காகிதத்தில் அச்சடித்த பிரதி மட்டும் ராவிட்சிடம் இருந்தது. 1974-இல் அந்த மாநிலப் பள்ளிகளுக்கான கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அதை மறுபடி உட்கார்ந்து தட்டினார். அப்போது அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்தப் பாதையில் உண்மையிலேயே நடந்து போனவர்கள் எழுதிய நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடத்தில் எந்தத் துன்பம் எத்தனை முறை வந்தது என்று கணக்கெடுத்து, விளையாட்டிலும் அதே அளவில் வரும்படி மாற்றி எழுதினார். பட்டவர்களுடைய அனுபவம் நிரலுக்குள் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் 'ஓரகன் டிரெயில்' என்ற பெயரில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பல லட்சம் பேர் விளையாடியது இதைத்தான்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி உடனே கேட்டாள், "நம்ம தோட்டத்தை வச்சு ஒன்னு செய்யலாமா டீச்சர்?"

இன்று நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எங்கு திரும்பினாலும் செம்பனைதான். நாட்டிலேயே முதன்முதலில் வணிகத்துக்காகச் செம்பனை நட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். (2007 முதல் அவ்வூருக்குப் பெயர் பெஸ்தாரி ஜெயா. ஆனால் நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது.) அப்படி இருந்தும் பல்லாண்டுகள் நம்மவர்க்குச் சோறு போட்டது பால்மரம். அந்த மாணவியின் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். ஆகவே விளையாட்டும் பால்மர விளையாட்டாக அமைந்தது. நீங்கள் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை பெரட்டு. உங்களுக்கு ஒரு நிரை. மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்?

அவள் எழுதிய முதல் நிபந்தனை இது: மழை பெய்தால் வேலை இல்லை, இல்லையென்றால் வேலை உண்டு. நான் சரி என்றேன். கணினியும் சரி என்றது. வீட்டில் பாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். பாட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மழை விட்டா போதுமாடி? மரம் காய வேணாமா? பட்டை ஈரமா இருந்தா பாலு கோட்டுல நிக்காது. வழிஞ்சு மரத்தோட ஓடிடும். மங்குல ஒன்னும் விழாது."

"எவ்வளவு நேரத்துல காயும் பாட்டி?"

"அது காத்தப் பொறுத்தது, வெயிலப் பொறுத்தது. நாங்க தொட்டுப் பாத்துச் சொல்லுவோம்."

"கம்பியூட்டருக்குக் கை இல்லையே பாட்டி."

"கை இல்லைன்னா அது எப்படி மரம் வெட்டும்?" என்று பாட்டி சிரித்தாராம்.

மறு புதன்கிழமை அவள் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மழை எத்தனை மணிக்கு விட்டது, காற்று இருக்கிறதா, வெயில் வந்ததா என்று தனித்தனிப் பெட்டிகள். காயட்டும் என்று காத்திருந்தால் அதிலும் ஒரு சங்கடம். பால்மரத்தில் விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் இவ்வளவு குறை. வெட்டி முடித்த பிறகு மழை வந்தால் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் வீண். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் பாலே குறைவு. அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். விளையாடுபவர் காலை ஆறு மணிக்கு முடிவு செய்யவேண்டும்: இப்போதே வெட்டுவதா, காத்திருப்பதா? 'பட்டையைத் தொட்டுப் பார்' என்று தட்டினால் திரையில் 'ஈரம்' அல்லது 'காய்ந்துவிட்டது' என்று வரும். பாட்டியின் கை இப்படி நிரலுக்குள் போய்ச் சேர்ந்தது.

நான் பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். கற்பித்தல் முறைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். ஆனால் ஈரப் பட்டையில் பால் எப்படி ஓடும் என்பது எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று பெற்றோர் நாளன்று வகுப்பு வாசலிலேயே நின்றுவிடும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்றுதான் இன்று இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன். இந்த வகுப்புக்கு வேண்டிய விதிகள் உங்களிடம்தான் இருக்கின்றன. பிள்ளை கேட்டால் சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். அது "ஏன், எப்போ, எவ்வளவு?" என்று மறுபடி மறுபடி நச்சரிக்கும். நச்சரிக்கட்டும்.

பல்லாங்குழியிலும் இப்படித்தான் ஆயிற்று. பதினான்கு குழி, அதாவது பதினான்கு பெட்டி. எடுத்துப் போட்டுக்கொண்டே போய், கையில் முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளு. அது காலியானால் துடைத்து அதற்கடுத்ததை எடு. நான்கு சேர்ந்தால் பசு. ஒரு பாட்டி குழிக்கு ஐந்து முத்து என்றார், இன்னொரு பாட்டி ஆறுதான் முறை என்று அடித்துச் சொன்னார். பிள்ளைகள் யார் பக்கமும் சாயவில்லை. 'குழிக்கு எத்தனை முத்து?' என்று விளையாட்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடும்படி எழுதிவிட்டார்கள்! இரண்டு பாட்டிமாருக்கும் இப்போது சமாதானம்.

ஆறாம் ஆண்டுப் பையன்கள் செய்தது ஊர் சுற்றும் விளையாட்டு. 1970களின் நடுவில் வில் குரோதர் என்ற அமெரிக்கர், தாம் இறங்கி அளந்த குகை ஒன்றை வைத்துத் தம் பெண்பிள்ளைகளுக்காக எழுதிய விளையாட்டு இவ்வகைக்கு முன்னோடி. நம் பையன்கள் குகைக்குப் போகவில்லை, புக்கிட் மெலாவாத்திக்குப் போனார்கள். 'மலையேறு' என்று தட்டினால் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் வரும். கையில் கச்சான் பொட்டலம் இருந்தால் குரங்கு வந்து பிடுங்கிக்கொள்ளும். அங்கிருந்து கம்போங் குவாந்தானுக்குப் போய்ப் படகேறினால் ஆற்றோர மரமெல்லாம் மின்மினி. முதல் நாள் ஓடவிட்டபோது பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கே மின்மினி மின்னியது. வகுப்பே சிரித்தது. மணியைப் பார்க்கும் நிபந்தனை அன்றைக்கே ஏறிவிட்டது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் பயன்படுத்துவது பைத்தான் என்ற மொழி. 1991-இல் வெளிவந்தது. அதன் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம், ஏறக்குறைய பத்துச் சொல் தெரிந்தால் தொடங்கிவிடலாம். திரையில் வரும் வாசகங்களையும் பெட்டிகளின் பெயர்களையும் தமிழிலேயே எழுதலாம். கட்டளைகளும் தமிழில் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. முத்தையா அண்ணாமலை என்பவர் 2007-இல் தொடங்கி 2013-இல் பொதுவில் வெளியிட்ட 'எழில்' என்ற மொழியில் பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்றே எழுதலாம். சிறியவர்களுக்கு நிபந்தனை என்றால் என்ன என்று விளக்க அந்தச் சொற்களைத்தான் நான் பலகையில் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் பழகப் பழகப் பைத்தானுக்கே போகிறோம், இடைநிலைப்பள்ளியில் உதவும் என்பதால்.

தமிழும் கணினியும் நமக்கு எட்டாத தொலைவு என்று எண்ணிவிடாதீர்கள். இதே சிலாங்கூரில் கேரித்தீவுத் தோட்டத்தில் பிறந்து, தமிழாசிரியராகவும் கவிஞராகவும் விளங்கிய முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன்தான் 1985-இல் 'முரசு' தமிழ் மென்பொருளை உருவாக்கினார். உங்கள் போனில் தமிழில் செய்தி அனுப்ப 2005-இல் 'செல்லினம்' கொண்டுவந்தவரும் அவரே.

சரி, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் வேலை வாக்குறுதி கொடுக்கமுடியாது. பதினெட்டுப் பேரும் கணினிப் பொறியாளர் ஆகப்போவதில்லை. இரண்டு பேருக்கு இது பிடிக்கவே இல்லை, அவர்கள் பந்து விளையாடப் போனார்கள், அதுவும் நல்லதே. ஆனால் 2017 முதல் அரசாங்கமே கணினிச் சிந்தனையைத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் சேர்த்திருக்கிறது. படிவம் ஒன்றில் கணினி அறிவியல் அடிப்படை என்ற பாடமும் அதே ஆண்டில் வந்தது. பட்டணத்துப் பிள்ளைகளில் சிலர் மாதம் நூற்றுக்கணக்கில் வெள்ளி கட்டி வெளியே இதைப் படித்துவிட்டு அங்கே வந்து உட்கார்வார்கள். நம் பிள்ளை அன்றுதான் முதன்முதலாக அந்தச் சொல்லைக் கேட்கக்கூடாது என்பது என் கவலை.

செலவு என்று ஒன்றும் இல்லை. பைத்தான் இலவசம். பழைய கணினியிலும் ஓடும். எழுத்து மட்டும் வரும் விளையாட்டுக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதற்கு? நம் அறையில் நன்றாக வேலை செய்வது ஒன்பது, இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் தட்டும்போது மற்றவர் படித்துத் தப்புப் பார்ப்பார். ஆளுக்கொன்று கொடுத்தாலும் இருவராகத்தான் உட்காரவைப்பேன். வீட்டில் கணினி வேண்டாம், போனும் வேண்டாம். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். நிரலில் பெரும்பகுதி காகிதத்தில்தான் பிறக்கிறது.

வேன் விஷயமும் பேசியாகிவிட்டது. அடுத்த வாரம் முதல் புதன்கிழமைகளில் மூன்று மணிக்கு இன்னொரு நடை வரும். தனியாகக் காசு கேட்கமாட்டேன் என்று ஓட்டுநர் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். நின்றுபோன ஏழு பேருக்கும் இடம் அப்படியே இருக்கிறது. கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்மாவும் இங்கே வந்திருக்கிறீர்கள், உங்கள் மகன் எழுதி வைத்த வரிகளை யாரும் அழிக்கவில்லை.

பரிசளிப்பு முடிந்ததும் கணினி அறை திறந்திருக்கும். பால்மர விளையாட்டு, பல்லாங்குழி, புக்கிட் மெலாவாத்தி மூன்றையும் பிள்ளைகள் ஓடவிட்டுக் காட்டுவார்கள். அடுத்ததாகச் செம்பனை விளையாட்டு தொடங்கியிருக்கிறோம். குலையை வெட்டலாமா கூடாதா என்பதற்குக் கீழே எத்தனை உதிரிப் பழம் கிடக்கவேண்டும் என்பதில் பிள்ளைகளுக்குள் இன்னும் முடிவாகவில்லை. ஒவ்வொருவனும் தன் அப்பா சொன்ன கணக்கே சரி என்கிறான். குலை வெட்டும் அப்பாமார்கள் இரண்டு மூன்று பேர் தேநீர் குடித்துவிட்டு அந்தப் பக்கம் வந்து இந்த வழக்கைத் தீர்த்துக் கொடுத்தால் புதன்கிழமைக்குள் எழுதிவிடுவோம்.